தங்கம் கிடைத்ததா என்று கேட்கிறவர்களுக்கு

மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தை ஒலியால் காட்டுகிற டிடெக்டரோடு நான் வயல்களில் நடக்கிறவன் என்று தெரிந்தவுடன் எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி "தங்கம் கிடைச்சதா?" என்பதுதான். கலியாண வீட்டிலும் கேட்பார்கள், கோவில் வாசலிலும் கேட்பார்கள். கிடைத்தது. ஏழு வருடத்தில் ஒரேயொரு தடவை, நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக. அதைப் பிறகு சொல்கிறேன். அந்த நான்கு கிராமுக்காகவா இவன் மழையிலும் குளிரிலும் ஏழு வருடம் வயலுக்குப் போனான் என்று அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேட்காத கேள்விக்குத்தான் இது பதில்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், சஃபோக்கில், இப்ஸ்விச் நகரில். பீலிக்ஸ்ரோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பல வருட இரவு வேலையில் பகல் நித்திரை குழம்பிப் போனது. சீனி வருத்தமும் வந்து சேர்ந்தது. தினமும் ஒரு மணித்தியாலம் நடக்கச் சொன்னார் வைத்தியர். ஊரில் வளர்ந்தவனுக்குக் காரணமில்லாமல் நடப்பது லேசில் வராது. கடைக்குப் போவோம், கோவிலுக்குப் போவோம், சும்மா போக மாட்டோம். 2018 புரட்டாதியில், என்னோடு வேலை செய்த ஒருவர் தன்னுடைய பழைய டிடெக்டரைக் கொண்டுவந்து தந்தார். ஒரு மாதம் வைத்துப் பார், பிடிக்காவிட்டால் திருப்பித் தா என்றார். அந்த மாதம் இன்னும் முடியவில்லை.

அந்தக் கருவியை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். 2003இல், போர் நின்றிருந்த சமாதான காலத்தில், இலங்கையின் வடக்கே ஊருக்குப் போயிருந்தேன். பளைக்கும் முகமாலைக்கும் இடையில் சொந்தக்காரர் ஒருவரின் தென்னங்காணி. வேலியோரம் சிவப்பு பூசிய தடிகள், மண்டையோடு வரைந்த 'மிதிவெடி' பலகை. அதற்கு அப்பால், முகத்தில் கவசத்தோடு ஒரு பெண்பிள்ளை முழந்தாளில் இருந்தாள். கருவியை ஒரு தரம் மெதுவாக வீசுவாள், காது கொடுப்பாள், ஒரு சாண் முன்னுக்கு வருவாள். நான் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மணித்தியாலத்தில் அவள் ஒரு பாயின் நீளம்கூட நகரவில்லை.

ஆகவே சஃபோக்கில் முதல் நாள் காதில் அந்த ஒலி விழுந்தபோது மண்வெட்டியை வைக்கக் கை வரவில்லை. என்னைக் கூட்டிப்போனவர்தான் குனிந்து தோண்டிக் காட்டினார். ஒரு சோடா மூடி. அதை வாங்கி, மண்ணைத் தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம். மண்ணுக்குள்ளிருந்து வருகிற அந்த ஒலி இவ்வளவு சாதாரணமான ஒன்றாகவும் இருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டும் ஒரே குடும்பத்துக் கருவிகள்தான். 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்தத் தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்து இராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய மிதிவெடிக் கருவியை உருவாக்கினார். அது 1942இல் எல் அலமெயின் பாலைவனத்தில் பாதை திறக்க உதவியது. நான் இன்று தோளில் போட்டுக்கொண்டு போவது அதன் பேரப்பிள்ளை.

வேலை செய்யும் விதம் லேசாக விளங்கக்கூடியது. நிலத்தை ஒட்டி வீசுகிற வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அது மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. புலம் உலோகத்தில் பட்டால் அந்த உலோகத்துக்குள் சின்னதாக ஒரு மின்னோட்டம் சுழலும். அந்த ஓட்டம் திருப்பி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் பிடிக்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற வெள்ளியும் செம்பும் பிந்திப் பதில் சொல்லும், மெல்லிய ஈயத்தாள் முந்திச் சொல்லும், இரும்பு தன் பாட்டில் வேறு மாதிரிச் சொல்லும். இந்த வித்தியாசத்தைத்தான் கருவி எண்ணாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது. குளிர்பான ரின்னைத் திறக்கிற வளையமும் தங்க மோதிரமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் விழும். வளையங்களைத் தோண்ட அலுப்புப்படுகிறவருக்கு மோதிரம் கிடைக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தக் கருவி வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நடுத்தர விலையில் எதை வாங்கினாலும் போதும், அதே கருவியோடு ஒரு வருடம் இருங்கள் என்பேன். கருவியின் ஒலி காதில் ஏற ஒரு வருடம் வேண்டும். பொருள் இருக்கும் இடத்தை விரல் நுனிக்குக் காட்டுகிற சிறிய கைக்கருவி ஒன்று, உறுதியான ஒரு மண்வெட்டி, நல்ல சப்பாத்து, காப்புறுதி. காப்புறுதி இங்கே தேசிய டிடெக்டர் சங்க உறுப்புரிமையோடு கிடைக்கும். அதைக் காட்டினால்தான் பல கமக்காரர் கதைக்கவே தொடங்குவார்கள்.

உண்மையில் கருவியைவிடக் கடினமானது நிலம். இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். நகரசபைப் பூங்காவுக்கும் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியைப் பாவிப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அனுமதியில்லாமல் இரவில் வந்து தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் ஒழுங்கான ஆட்களுக்கும் கதவு திறப்பதில்லை.

முதல் குளிர்காலத்தில் பதினொரு கமக்காரரிடம் கேட்டேன். கடிதங்களுக்குப் பதிலே இல்லை. பிறகு ஞாயிறு பகலில் நேரே போய்க் கதவைத் தட்டினேன். மரியாதையாக மாட்டேன் என்றார்கள். பன்னிரண்டாவது வீட்டில் அந்த மனிதர் முற்றத்தில் நின்று கோபத்தோடு எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெட்டியை உழவு இயந்திரத்தோடு கொளுவுகிற இரும்பு ஆணி முந்தின நாள் வயலில் விழுந்துவிட்டதாம். கருவி காரில் இருக்கிறது என்றேன். வழக்கமாக இரும்பை ஒதுக்கிவிட்டுத்தான் தேடுவோம். அன்றைக்கு இரும்பை மட்டும் தேடினேன். நாற்பது நிமிடத்தில், சக்கரத் தடத்துக்குள் புதைந்துபோய்க் கிடந்த ஆணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு, எந்த வயலில் தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

இதே சஃபோக்கில் இதைவிடப் பெரிய ஆணிக் கதை ஒன்று உண்டு. 1992 கார்த்திகையில், ஹொக்ஸன் கிராமத்தில் பீற்றர் வற்லிங் என்ற கமக்காரர் வயலில் ஒரு சுத்தியலைத் தொலைத்துவிட்டு, எரிக் லோஸ் என்ற நண்பரைத் தேடித் தரும்படி கேட்டார். லோஸுக்கு அந்தக் கருவி வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது பரிசாகக் கிடைத்தது. சுத்தியலைத் தேடப் போனவரின் மண்வெட்டியில் ரோமர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் வந்தன. ஏறக்குறைய 15,000 காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். அந்த மனிதரை நான் மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மிச்சத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு அறிவித்தார். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் வந்து, பெட்டி எப்படி இருந்தது, எது எதற்குமேல் அடுக்கியிருந்தது என்பதுவரை பார்த்துப் பதிந்து எடுத்தார்கள். 17.5 இலட்சம் பவுண் வெகுமதியை அவர் கமக்காரரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனது.

நான் முதல் நாளே கமக்காரரோடு ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டேன்: எது கிடைத்தாலும் காட்டுவேன், விற்கக்கூடியது எதுவானாலும் பாதிப் பாதி. எழுதி வைக்காமல் போனவர்களின் நட்பு ஒரு காசில் முறிந்ததை இந்த வட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரும்பும்போது வாளியில் இருக்கிற குப்பையையும் அவருக்குக் காட்டுவேன்: ஈயத் துண்டுகள், துவக்குத் தோட்டாவின் பித்தளை அடிப்பாகங்கள், கலப்பைப் பற்கள். சக்கரத்தைக் கிழிக்கிற இரும்பு வயலை விட்டுப் போகிறது என்பதில் அவருக்கு உண்மையான சந்தோசம்.

இப்போது ஒரு சின்னச் செப்புக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2020 கார்த்திகை. ஓடைப் பக்கமாகச் சரிந்து போகிற மணல் வயல். கடற்கரைப் பக்கத்துச் சஃபோக் மண் எங்கள் வடமராட்சி மணலைப்போல இளகியது. கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் போனால் களி, சப்பாத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விதைப்பதற்கு முன் வயலை உருட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். தட்டு நிலத்தை ஒட்டிப் போவதற்கு அதைப்போல நல்ல நேரம் இல்லை. வயலின் மூலையில் மெல்லியதாக ஒரு ஒலி. பக்கவாட்டில் வீசினாலும் வந்தது, தொண்ணூறு பாகை திரும்பி வீசினாலும் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற ஒலியை நம்பலாம். ஒரு பக்கம் மட்டும் கேட்பது பெரும்பாலும் ஆணி. ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டியாகத் தோண்டி வைத்தேன். கட்டியை உடைத்து உள்ளங்கையில் கொட்டி, கைக்கருவியால் பார்த்துப் பார்த்து மண்ணை விலக்கினேன். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய ஒரு பச்சை வட்டம்.

குளிரில் விரல் விறைத்துப்போயிருந்தது. தேய்க்கவில்லை, காய்ந்த மண் தானாக உதிரும்வரை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது. பிறகு ஈட்டி. பிறகு இன்னொரு தலைக்கவசம். நடுவில் ஒரு கொடிக்கம்பம், இரண்டு பக்கமும் இரண்டு போர்வீரர்கள் காவல் நிற்கிறார்கள். கீழே, நகக்கண் அளவுக்கு இரண்டு எழுத்துகள்.

இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொல்பொருள் தொடர்பு அலுவலர் இருப்பார். 1997இல் தொடங்கி, 2003 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நடக்கிற பதிவுத் திட்டம் அது. எங்களைப்போன்ற ஆட்கள் கொண்டுவருகிறவற்றை அளந்து, படம் எடுத்து, எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் இருக்கின்றன. கொடுத்தால் பறித்துவிடுவார்களோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். பறிப்பதில்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். வயலின் சரியான இடத்தையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் போட மாட்டார்கள்.

அலுவலர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, இது ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீனின் குடும்பத்துக் காசு, கி.பி. 335க்கும் 341க்கும் இடையில் அடித்தது, கீழே இருக்கிற எழுத்து ட்ரியர் நாணயச்சாலையின் குறி, இன்றைய ஜேர்மனி என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் பக்கத்திலும் இந்தச் சில்லறை நிறையக் கிடைக்கும் தெரியுமா என்றார்.

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் கரூரிலும் மதுரையிலும், இலங்கையில் பல இடங்களிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சந்தையில் சில்லறையாகவே அவை புழங்கியிருக்கின்றன. வந்த காசு போதாமல், அதே சாயலில் இலங்கையிலேயே செய்தும் இருக்கிறார்கள். ஒரு பேரரசின் ஒரு கோடியில் இந்த ஓடைக்கரையில் யாரோ தவறவிட்டது. அதே காலத்துச் சில்லறையை எங்கள் ஊர்ப்பக்கத்து யாரோ ஒருவர் மடியில் முடிந்திருப்பார். சந்தையில் அதற்கு இன்று சில பவுண்தான் விலை. அன்றிரவு வேலைக்குப் போனபோதும் சட்டைப் பைக்குள் அதன் படம்தான் இருந்தது.

அதே மூலையில் அடுத்த இரண்டு வருடங்களில் இன்னும் ஆறு காசும், உடையைக் கோர்க்கிற ஊசியின் உடைந்த துண்டு இரண்டும் கிடைத்தன. ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் இடம் குறித்து, தனித்தனிப் பையில் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் அலுவலர் புள்ளிகள் போட்ட வரைபடத்தைக் காட்டினார். என்னுடைய புள்ளிகள் எல்லாம் மூலையில் குவிந்திருந்தன. இங்கே ஒரு சின்னக் குடியிருப்பு இருந்திருக்கலாம் என்றார். அந்த வயலில் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்பதற்கு அதுவரை பதிவேட்டில் ஒரு வரி இல்லை. அந்தக் காசுகளை இடம் குறிக்காமல் ஒரு போத்தலுக்குள் போட்டு வைத்திருந்தால் அவை வெறும் ஏழு பச்சைத் துண்டுகள்.

இதையே பெரிய அளவில் பார்க்க விரும்புகிறவர்கள் ரெண்டில்ஷம் கதையை வாசிக்க வேண்டும். சஃபோக்கிலேயே இருக்கிற சட்டன் ஹூவில் 1939இல் பேசில் பிரவுன் தோண்டி எடுத்த அரசனின் கப்பல் புதைகுழியைப் பலரும் அறிவார்கள். அங்கிருந்து சில மைல் தூரத்தில் ரெண்டில்ஷம். அங்கே ஓர் அரச இருப்பிடம் இருந்ததாக எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி எழுதியிருந்தார். எங்கே என்பது தெரியாமல் இருந்தது. களவாகத் தோண்டுகிறவர்களின் தொல்லை தாங்காமல் நிலச் சொந்தக்காரர் முறைப்பாடு செய்ய, 2008 முதல் சஃபோக் மாவட்டத் தொல்லியல் பிரிவு நம்பகமான டிடெக்டர்காரர் சிலரைக் கொண்டு வயல்களை வரிசை வரிசையாக அளந்து தேடியது. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பொருட்கள், ஒவ்வொன்றும் இடம் குறித்தபடி. அந்தப் புள்ளிகள் சேர்ந்துதான் அரச இருப்பிடத்தைக் காட்டின. 2022இல் 23 மீட்டர் நீள மர மண்டபத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அவர்களும் என்னைப்போல வார இறுதியில் நடந்தவர்கள்தான் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள், அல்லது ஒரே இடத்தில் கிடைத்த அப்படியான இரண்டு காசு, செப்பென்றால் பத்துக் காசு, இவற்றை 14 நாளுக்குள் கொறனருக்கு அறிவிக்க வேண்டும். திடீர் மரணங்களை விசாரிக்கிற அதே கொறனர்தான். நூதனசாலை வாங்கினால் சந்தை விலை தருவார்கள், வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் பாதிப் பாதி. 2023இலிருந்து, 200 வருடத்துக்கு மேற்பட்ட முக்கியமான பொருட்கள் எந்த உலோகமானாலும் இதற்குள் வரலாம். சட்டத்தில் இல்லாவிட்டாலும் நான் கடைப்பிடிக்கிற இன்னொன்று: கலப்பை போகிற ஆழத்துக்குக் கீழே போவதில்லை. அதற்குக் கீழே ஒலி கேட்டால் மூடிவிட்டு அலுவலரை அழைப்பேன். மேல் மண் எத்தனையோ தரம் புரண்டுவிட்டது. கீழ் மண் இன்னும் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதைக் கலைக்க எனக்கு அறிவு போதாது.

கழுவுவதிலும் ஒரு சேதம் செய்தேன், சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் ஜோர்ஜ் காலத்துப் பெரிய பெனி, 1797, வண்டிச்சக்கரம் என்று பெயர் சொல்லுகிற தடித்த செப்புக்காசு கிடைத்தது. குத்துவிளக்கை அம்மா புளி போட்டு மினுக்குவார். அதே கையோடு நானும் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அரசரின் முகமும் கூடவே போனது. செப்பின் மேல் படிந்த அந்தப் பச்சைப் படலத்துக்குள்தான் உருவம் நின்றிருக்கிறது. அதைத் தேய்த்தால் திரும்ப வராது. புளி, எலுமிச்சை, வினாகிரி எதுவும் வேண்டாம். வடித்த நீரில் ஊறப் போட்டு, மென்மையாக உருட்டிவிட்டு நிறுத்துங்கள்.

2021 மாசியில் ஒரு காலை. பெரிய ஒலி, இரும்பு. கலப்பைத் துண்டாக இருக்கும் என்று மண்ணை விலக்கினேன். உருண்டையான ஒரு உடல், அதன் பின்னால் விசிறிபோல இறக்கைகள். கை அந்த இடத்திலேயே நின்றது. போர்க் காலத்தில் சஃபோக் முழுக்க விமானத் தளங்களும் பயிற்சிக் களங்களும் இருந்தன. தோட்டாக் கோதுகள் கிடைக்காத வயல் இல்லை. ஆனால் இது கோது இல்லை. என் தலை எதையும் யோசிக்க முன்னம் கால்கள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டன: வந்த காலடித் தடத்திலேயே பின்னுக்குப் போனேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித்தந்தது. மண்வெட்டியை அடையாளத்துக்கு விட்டுவிட்டு, தூரப் போய்ப் பொலிசை அழைத்தேன். மத்தியானம் இராணுவத்தின் குண்டு அகற்றும் பிரிவு வந்து அதை வயலிலேயே வெடிக்க வைத்தது. அந்த அதிர்வு காலடி வழியாக ஏறியபோது எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "என்னப்பா, அங்க தப்பி வந்து இங்க போய்த் தோண்டுறியளே" என்று அழுதார். இரண்டு கிழமை போகவில்லை. பிறகு அவரே சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்தார். உருண்டையாக, இறக்கையோடு, அல்லது கையெறி குண்டின் வடிவில் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், தூக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

என்னை மிகவும் சந்தோசப்படுத்திய நாள் எதுவென்று கேட்டால், அதில் பழைய பொருள் எதுவும் இல்லை. ஒரு கோவில் தேர்த் திருவிழா. வாகனம் நிறுத்த வாடகைக்கு எடுத்த புல்வெளி, முந்தின இரவு மழை. மனைவியின் சிநேகிதி ஒருவரின் தாலிக்கொடியிலிருந்து தாலி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. கொடி கழுத்தில் இருந்தது, தாலி இல்லை. அடுத்த நாள் கோவில்காரரிடமும் நிலக்காரரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். ஈயத்தாள், மூடி, கற்பூரப் பெட்டித் தகடு, எங்கே வீசினாலும் ஒலி. அப்படியே தேடினால் ஒரு மாதம் போகும். அந்த அக்காவின் கைத்தொலைபேசிப் படங்களைக் கேட்டேன். 10.40க்கு எடுத்த படத்தில் தாலி தெரிகிறது, 11.15க்குத் தேரடியில் எடுத்ததில் இல்லை. அந்த 35 நிமிடத்தில் அவர் கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கி, வாசல் மட்டும் நடந்திருக்கிறார். அந்தப் பாதையை மட்டும் நூல் கட்டிப் பிரித்தேன். ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடுகிற மாதிரி ஆறுதலாகப் போனேன். கொடி விழுந்திருந்தால் இதைவிடக் கஷ்டம். மெல்லிய சங்கிலியைக் கருவி ஒரு பொருளாகப் பார்க்காது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத்தான் தெரியும். தாலி திடமான துண்டு, அது பேசும். இரண்டாம் நாள் பின்னேரம், சக்கரம் அழுத்திய சேற்றுத் தடத்துக்குள், இரண்டு விரல் ஆழத்தில் பேசியது.

அக்கா வந்து சேரும்வரை கழுவாமல் வைத்திருந்தேன். கையை நீட்டி வாங்கினார். சேற்றோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது பேருக்கு மோதிரமும் திறப்பும் தேடிக் கொடுத்திருக்கிறேன், காசு வாங்குவதில்லை.

சரி, அந்த நான்கு கிராம். மெல்லிய, சுமாரான ஒலி. ரின் வளையம் என்றே தோண்டினேன். மண்ணுக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் தங்கம் நிறம் மாறாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கட்டி உடைந்தபோது உள்ளே மஞ்சளாக, நேற்று விழுந்ததுபோல இருந்தது. விக்ரோறியா மகாராணியின் தலை, 1859. அரை சொவரின். இங்கிலாந்தின் சொவரின் காசு 22 கரட், எட்டுக் கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு. எங்கள் வீடுகளில் "எத்தனை பவுண் கொடி" என்று கேட்கிறோமே, அந்தப் பவுண் இந்தக் காசுதான். அம்மம்மா நகைக் கணக்குச் சொல்லும்போது நாவில் உருண்ட சொல், ஒரு சஃபோக் வயலில் என் உள்ளங்கையில் அரைவாசியாகக் கிடந்தது. 300 வருடம் ஆகாத தனிக்காசு என்பதால் புதையல் சட்டத்துக்குள் வரவில்லை. விற்கவும் இல்லை. கமக்காரரும் நானுமாகக் கதைத்து, அடுத்த மாதம் கலியாணம் முடித்த அவருடைய மகளுக்குக் கொடுத்தோம்.

ஊரில் இருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கருவி வாங்க வெளிக்கிட வேண்டாம். இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் புதையல் தேடித் தோண்டுவது குற்றம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியானது கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. இங்கே இருக்கிற பதிவுத் திட்டம் அங்கே இல்லாதபோது, தோண்டி எடுப்பது அழிப்பதில்தான் முடியும். மழைக்குப் பிறகு காணியில் தற்செயலாக ஒரு பழைய காசைக் கண்டால், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள்.

சீனி இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. நித்திரையும் பரவாயில்லை, நாலு மணித்தியாலம் ஒலிக்குக் காது கொடுத்து நடந்த நாளில் கட்டிலில் விழுந்தவுடன் வந்துவிடும். போன வருடம் ஊருக்குப் போனபோது அந்தத் தென்னங்காணியைப் பார்த்தேன். தடிகள் இல்லை. கச்சான் போட்டிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வேலியிலிருந்து கிணற்றடிவரை நடந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கமக்காரரிடமிருந்து செய்தி. ஓடைக்கரை வயலில் சுகர் பீற் எடுத்தாகிவிட்டதாம், உழவு வெள்ளிக்கிழமை முடியும், சனி காலை ஏழு மணிக்குப் படலை திறந்திருக்கும்.